பெர்லினில் வாழ்க்கைச் செலவு: புதிதாகக் குடியேறுவோருக்கான கணக்கு

ஐரோப்பியத் தலைநகரங்களுள் பெர்லின் நீண்ட காலம் மலிவான நகரமாகவே அறியப்பட்டிருந்தது. 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் கிழக்குப் பகுதியில் ஏராளமான வீடுகள் காலியாகக் கிடந்தமையும், பெருந்தொழில்கள் பலவும் ஏற்கெனவே வேறு நகரங்களில் நிலைகொண்டிருந்தமையும் சேர்ந்து, இலண்டனிலும் பாரிசிலும் கொடுக்க வேண்டிய வாடகையில் ஒரு பகுதியைக் கொண்டே இங்கு குடியிருக்கலாம் என்ற நிலையை உருவாக்கியிருந்தன. கடந்த பதினைந்து ஆண்டுகளில் மக்கள்தொகை பெருகி, வீடுகட்டும் வேகம் அதற்கு ஈடுகொடுக்காமல் போனதால், அந்த நிலை மாறிவிட்டது. ஆனால் மாற்றம் எல்லோர்மீதும் ஒரேபோல் இறங்கவில்லை. பழைய ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் இன்றும் குறைந்த வாடகை செலுத்துகிறார். அதே படிக்கட்டில் எதிர்வீட்டுக்குப் புதிதாக வருபவர் அதைப்போல் இருமடங்கு செலுத்த நேர்கிறது.

எனவே இந்நகரின் செலவைக் கடைவிலைகளைக் கொண்டு மட்டும் மதிப்பிடுவது போதாது. ஒருவர் எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார், எந்தப் பதிவுகளை உரிய காலத்தில் முடிக்கிறார், சட்டம் தமக்குத் தந்திருக்கும் உரிமைகளில் எவற்றை அறிந்திருக்கிறார் என்பவையே அவருடைய மாதச் செலவைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. இவ்வியல் ஊதியத்தில் தொடங்கி, வாடகை, பதிவு, அன்றாடச் செலவு, குழந்தைகள், மாணவர் என்னும் வரிசையில் இவற்றை விளக்குகிறது. இங்குத் தரப்படும் தொகைகள், வேறு ஆண்டு குறிப்பிடப்படாத இடங்களில், 2025ஆம் ஆண்டின் நிலவரத்தைச் சார்ந்தவை.

ஊதியமும் பிடித்தங்களும்

ஜெர்மனியில் வேலை ஒப்பந்தங்களில் எழுதப்படும் ஊதியம் 'புரூட்டோ', அதாவது பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தத் தொகை. கைக்கு வந்து சேர்வது 'நெட்டோ' எனப்படும். இந்திய ஊதியத்துடன் ஒப்பிட்டு முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் முதல் எண்ணையே பார்த்துவிடுவதால், இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியம்.

திருமணமாகாத, குழந்தையற்ற, 23 வயதைக் கடந்த ஓர் ஊழியர் மாதம் 4,000 யூரோ புரூட்டோ பெறுகிறார் எனக் கொள்வோம். ஓய்வூதியக் காப்பீட்டுக்கு 18.6 விழுக்காடும், மருத்துவக் காப்பீட்டுக்கு 14.6 விழுக்காடும், வேலையிழப்புக் காப்பீட்டுக்கு 2.6 விழுக்காடும் விதிக்கப்பட்டு, அவற்றில் பாதியை நிறுவனமும் பாதியை ஊழியரும் செலுத்துகின்றனர். மருத்துவக் காப்பீட்டுக்கு ஒவ்வொரு காப்பீட்டுக் கழகமும் தனித்தனியே விதிக்கும் கூடுதல் விகிதமும் இவ்வாறே பகிரப்படுகிறது. முதுமையிலும் நோயிலும் பிறர் உதவி தேவைப்படுவோருக்கான பராமரிப்புக் காப்பீட்டில் மட்டும் குழந்தையற்றவர் 0.6 விழுக்காடு கூடுதலாகத் தம் பங்கிலிருந்து செலுத்த வேண்டும். இவை அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 860 யூரோவும், வருமான வரி 530 யூரோவை ஒட்டியும் கழிய, அவருடைய கைக்கு வருவது சுமார் 2,600 யூரோ.

இப்பிடித்தங்களை இழப்பாக மட்டும் கருதுவது பிழையான கணக்காகும். சட்டமுறை மருத்துவக் காப்பீட்டில் உள்ளவர் மருத்துவரைப் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம் செலுத்துவதில்லை. மருந்துச் சீட்டில் எழுதப்படும் ஒவ்வொரு மருந்துக்கும் பெரும்பாலும் 5 முதல் 10 யூரோ வரையும், மருத்துவமனையில் தங்கினால் நாளொன்றுக்கு 10 யூரோ வீதம் ஆண்டுக்கு அதிகபட்சம் 28 நாட்களுக்கும் தம் பங்காகக் கொடுக்கிறார். வருமானம் இல்லாத வாழ்க்கைத்துணையும் குழந்தைகளும் கூடுதல் தவணையின்றி அதே காப்பீட்டில் சேர்க்கப்படுகின்றனர். ஆண்டுக்கு 73,800 யூரோவுக்கு மேல் ஊதியம் பெறும் ஊழியர்கள் தனியார் காப்பீட்டுக்கு மாறலாம் என்றாலும், இளமையில் குறைவாகத் தோன்றும் அந்தத் தவணை குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விதிக்கப்படுவதாலும், பின்னர் சட்டமுறைக் காப்பீட்டுக்குத் திரும்புவது கடினம் என்பதாலும், குடும்பத்தை அழைத்துவர எண்ணுவோர் பலமுறை யோசித்தே அம்முடிவை எடுக்க வேண்டும். ஓய்வூதியப் பிடித்தத்தைப் பொறுத்தவரை, இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையிலான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே மாதம் முதல் நடைமுறையில் இருப்பதால், இரு நாடுகளிலும் தொகை செலுத்திய காலங்களைச் சேர்த்துத் தகுதியைக் கணக்கிட வழியுண்டு.

வரியில் ஒரு கூறு தமிழ்க் கிறித்தவர்களின் தனிக் கவனத்துக்குரியது. குடியிருப்புப் பதிவின்போது படிவத்தில் கத்தோலிக்கர் அல்லது புராட்டஸ்டண்ட் எனக் குறிப்பிடுபவரிடமிருந்து, பெர்லினில் வருமான வரியின் 9 விழுக்காடு தேவாலய வரியாகப் பிடிக்கப்படுகிறது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் அது மாதம் ஐம்பது யூரோவை ஒட்டி வரும். இந்த வரியைத் தம் திருச்சபைக்கான பங்களிப்பாக ஏற்று மனமுவந்து செலுத்துவோர் உண்டு. எனினும் அக்கட்டத்தை நிரப்புவதன் விளைவு இன்னது என்று தெரிந்தபின் நிரப்புவதே முறை.

வாடகை: விளம்பரத்தைப் படிக்கும் முறை

பெர்லின் குடும்பங்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை வாடகை வீட்டில் வாழ்கின்றன. வாடகை நகர அரசியலின் மையப் பொருளாக இருப்பதற்கு இதுவே காரணம். 2020இல் நகர அரசு கொண்டுவந்த வாடகை உச்சவரம்புச் சட்டத்தைக் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் 2021இல் செல்லாது என அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த பொதுவாக்கெடுப்பில், பெரிய வீட்டு நிறுவனங்களின் குடியிருப்புகளைப் பொதுவுடைமையாக்க வேண்டும் என்ற கோரிக்கையைப் பாதிக்கும் மேற்பட்டோர் ஆதரித்தனர்.

வீட்டு விளம்பரத்தில் இரண்டு வாடகைகள் தரப்படும். 'கால்ட்மீட்டே' என்பது வீட்டுக்கு மட்டுமான அடிப்படை வாடகை. அதனுடன் குடிநீர், குப்பை அகற்றல், படிக்கட்டுத் துப்புரவு, கட்டடக் காப்பீடு முதலியவற்றுக்கான துணைச் செலவும், வீட்டை வெப்பப்படுத்தும் செலவும் சேர்ந்தது 'வார்ம்மீட்டே'. எடுத்துக்காட்டாக, 54 சதுர மீட்டர் பரப்புள்ள இரண்டு அறை வீட்டுக்குக் கால்ட்மீட்டே 810, துணைச் செலவு 130, வெப்பச் செலவு 80 என்று அச்சிடப்பட்டிருந்தால், மாதந்தோறும் வங்கிக் கணக்கிலிருந்து வெளியேறுவது 1,020 யூரோ. வரவேற்பறையையும் சேர்த்தே அறைகள் எண்ணப்படுவதால், அங்கு 'இரண்டு அறை' என்பது நம் வழக்கில் ஒரு படுக்கையறை வீடு என்பதும் நினைவில் இருக்க வேண்டும். மின்சாரமும் இணையமும் இத்தொகையில் அடங்குவதில்லை. துணைச் செலவும் வெப்பச் செலவும் முன்பணமாக வாங்கப்படுபவையே. கணக்காண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் வீட்டுக்காரர் உண்மைச் செலவின் கணக்கை அனுப்ப வேண்டும், மிகுந்தால் திருப்பித் தர வேண்டும், குறைந்தால் குடியிருப்பவர் ஈடுசெய்ய வேண்டும். முதல் குளிர்காலத்துக்குப் பின் வரும் இக்கணக்கில் பல நூறு யூரோ கேட்கப்படுவது அரிதன்று என்பதால், அதற்கென ஒரு தொகையை மாதந்தோறும் ஒதுக்கி வைப்பது நல்லது.

வாடகை நியாயமானதா என்பதை அறிய 'மீட்ஷ்பீகல்' என்னும் அரசு வெளியீடு உதவுகிறது. வீட்டின் பரப்பு, கட்டப்பட்ட காலம், அமைவிடம், வசதிகள் ஆகியவற்றை வைத்து, ஒரு சதுர மீட்டருக்கு அப்பகுதியில் வழக்கமாக உள்ள வாடகையை அது காட்டுகிறது. நகர அளவில் அதன் சராசரி 7 யூரோவைச் சற்றே தாண்டுகிறது. விளம்பரங்களில் கேட்கப்படுவதோ அதன் இருமடங்கு. 2015 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள வாடகைத் தடுப்பு விதியின்படி, புதிய ஒப்பந்தத்தின் வாடகை இந்த ஒப்பீட்டு வாடகையை 10 விழுக்காட்டுக்கு மேல் தாண்டக் கூடாது. 2014 அக்டோபருக்குப் பின் முதன்முறையாகக் குடியேறப்பட்ட வீடுகளும், முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டபின் முதன்முறை வாடகைக்கு விடப்படும் வீடுகளும், முந்தைய குடியிருப்பாளரே சட்டப்படி கூடுதலாகச் செலுத்தி வந்த வீடுகளும் இதற்கு விலக்கு. விதி தானாக இயங்குவதில்லை. குடியிருப்பவர் எழுத்துமூலம் முறையிட வேண்டும். ஒப்பந்தம் தொடங்கி 30 மாதங்களுக்குள் முறையிட்டால், தொடக்கம் முதல் மிகையாகச் செலுத்திய தொகையைத் திரும்பக் கோரலாம். இதற்கு வழிகாட்டவும் ஆண்டுக் கணக்குகளைச் சரிபார்க்கவும் குடியிருப்போர் சங்கங்கள் உள்ளன. அவற்றுள் பெர்லினர் மீட்டர்ஃபெராயின் பெரியது. புதிதாக வருபவர் செய்யும் செலவுகளில் அத்தகைய சங்கத்தின் உறுப்பினர் கட்டணம் மிகப் பயனுள்ள ஒன்று.

தளவாடங்களுடன் குறுகிய காலத்துக்கு விடப்படும் வீடுகளே புதிதாக வருவோரின் கண்ணில் முதலில் படுகின்றன. தற்காலிகப் பயன்பாட்டுக்கான ஒப்பந்தங்கள் மேற்சொன்ன விதிக்கு உட்படாமையாலும், தளவாடத்துக்கென எவ்வளவு கூட்டப்பட்டது என்பது வெளிப்படையாகத் தெரியாமையாலும், அவற்றின் வாடகை மிக உயர்ந்திருக்கும். வேறு வழியின்றி அத்தகைய வீட்டில் தொடங்கினாலும், அங்கிருந்தபடியே காலவரையற்ற ஒப்பந்தத்தைத் தேடத் தொடங்குவதுதான் நீண்ட காலத்தில் பணத்தைக் காக்கும்.

முதல் மாதங்களில் வேண்டிய கைப்பணம்

நிலையான வீடு கிடைத்தவுடன் மூன்று வகைச் செலவு ஒன்றாக வருகிறது. முதலாவது 'கவுட்சியோன்' எனப்படும் வைப்புத்தொகை. சட்டப்படி அது மூன்று மாதக் கால்ட்மீட்டேயை மிஞ்சக் கூடாது. அதனை மூன்று சமத் தவணைகளில் செலுத்தும் உரிமையும் குடியிருப்பவருக்கு உண்டு. மேற்கண்ட வீட்டுக்கு மொத்தம் 2,430 யூரோ என்றாலும், முதல் மாதம் 810 யூரோ வைப்பும் 1,020 யூரோ வாடகையும் ஆக 1,830 யூரோவுடன் நுழைந்துவிடலாம். தரகுக் கட்டணம் 2015 முதல் தரகரை அமர்த்தியவரைச் சேர்ந்ததாகிவிட்டதால், வீட்டுக்காரர் அமர்த்திய தரகருக்குக் குடியிருப்பவர் எதுவும் தர வேண்டியதில்லை. வீட்டைக் காட்டாமலே வைப்புத்தொகையை வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்பச் சொல்லும் எவரையும் மோசடிக்காரராகக் கொள்வதே பாதுகாப்பு.

இரண்டாவது, வீட்டை வாழத் தகுந்ததாக்கும் செலவு. பல வீடுகள் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, அலமாரி எதுவும் இல்லாத வெற்றுச் சமையலறையுடனும், கூரையிலிருந்து கம்பி மட்டும் தொங்கும் விளக்கில்லாத அறைகளுடனும் ஒப்படைக்கப்படுகின்றன. முந்தைய குடியிருப்பாளரிடமிருந்து சமையலறையை அப்படியே விலைபேசி வாங்குவது இங்கு வழக்கம். பழைய பொருட்களுக்கான சந்தை நகரில் பரந்து கிடப்பதால், பொறுமையுடன் தேடுபவர் கட்டில், மேசை, துவைக்கும் இயந்திரம் ஆகியவற்றைப் புதியவற்றின் விலையில் சிறு பங்குக்கே பெறலாம்.

மூன்றாவது, பதிவைச் சார்ந்த செலவு. குடியேறிய 14 நாட்களுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்வது 'ஆன்மெல்டுங்' எனப்படும். அதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்திட்ட உறுதிச் சான்று வேண்டும். பதிவுக்குப் பின்னரே வரி அடையாள எண் அஞ்சலில் வருகிறது. அந்த எண் நிறுவனத்துக்கு நெடுநாள் எட்டாமற்போனால், பிடித்தம் மிக அதிகமான ஆறாம் வரி வகுப்பில் ஊதியம் கணக்கிடப்படும்; கூடுதலாகப் பிடித்தது பின்னர் திரும்பினாலும், பணம் மிகத் தேவைப்படும் முதல் மாதங்களில் கையிருப்பு வற்றிவிடும். ஆகவே பதிவுக்கு இடம் தராத உள்வாடகை அறை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அதில் மறைமுகச் செலவு உண்டு. பதிவானதும் பொது ஒலிபரப்புக் கட்டணமாக வீடொன்றுக்கு மாதம் 18.36 யூரோ கேட்டுக் கடிதம் வரும். தொலைக்காட்சி இல்லை என்பது இதற்கு விலக்காகாது. ஆனால் ஒரே வீட்டில் பலர் வாழ்ந்தால் ஒருவர் செலுத்தினால் போதும்.

வெப்பமும் மின்சாரமும்

அடுக்ககங்களில் வெப்பச் செலவின் 50 முதல் 70 விழுக்காடு வரை ஒவ்வொரு வீட்டின் பயன்பாட்டையும் எஞ்சியது வீட்டின் பரப்பையும் பொறுத்துப் பகிரப்பட வேண்டும் என்று விதி உள்ளதால், சிக்கனம் நேரடியாகக் கணக்கில் தெரியும். வெப்பக்கலத்தின் திருகில் 3 என்ற எண் ஏறத்தாழ 20 பாகை செல்சியசைக் குறிக்கிறது. அறை வெப்பத்தை ஒரு பாகை குறைத்தால் வெப்ப ஆற்றலில் சுமார் 6 விழுக்காடு மிச்சமாகும். தாளிப்பும் ஆவியும் நிறைந்த தமிழ்ச் சமையல் நடக்கும் வீட்டில், சன்னலை நாள் முழுதும் சிறிது திறந்து வைப்பதற்கு மாறாக, வெப்பக்கலத்தை மூடிவிட்டு ஐந்து முதல் பத்து நிமிடம் முழுதாகத் திறந்துவிடுவதை நாளுக்குச் சில முறை செய்ய வேண்டும். அதனால் சுவர் குளிராமல் ஈரம் மட்டும் வெளியேறுகிறது. பூஞ்சை படர்ந்து அதன் பழி குடியிருப்பவர்மேல் விழுவதும் தவிர்கிறது.

மின்சாரத்துக்கு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. எதையும் தேர்ந்தெடுக்காதவர் அடிப்படை வழங்குநரின் இணைப்பில் தானாகச் சேர்க்கப்படுகிறார். அதன் விலை பொதுவாக அதிகம் என்றாலும் இரண்டு வார முன்னறிவிப்பில் விலகிக்கொள்ளலாம். இணைய, கைப்பேசி ஒப்பந்தங்கள் முதற்கட்டமாக அதிகபட்சம் 24 மாதங்களுக்கு இருக்கலாம். அதன்பின் தானாக நீண்டால் ஒரு மாத முன்னறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம் என்பது 2021 டிசம்பர் முதல் சட்டம்.

உணவும் போக்குவரத்தும்

உணவுப் பொருட்களில் பெரும்பாலானவற்றுக்கு 7 விழுக்காடும் ஏனைய பொருட்களுக்கு 19 விழுக்காடும் விற்பனை வரி விலைக்குள் அடங்கியிருக்கிறது. ஆல்டி, லிடில், பென்னி போன்ற மலிவுக் கடைகளில் பால், முட்டை, மாவு, பருவக் காய்கள் ஆகியவை மேற்கு ஐரோப்பிய அளவுக்குக் குறைந்த விலையில் கிடைக்கின்றன. வீட்டிலேயே சமைக்கும் ஒருவர் மாதம் 250 முதல் 300 யூரோவுக்குள் நன்றாகச் சாப்பிடலாம். நோய்க்கோல்ன் பகுதியின் மைபாக்ஊஃபர் கரையில் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் கூடும் சந்தையில் கத்தரிக்காய், வெண்டைக்காய், கொத்துமல்லி முதலியவை கிடைக்கும்; மாலையில் கடை கட்டும் நேரத்தில் விலை இறங்கும். லிஷ்டன்பெர்க்கில் உள்ள டோங் சுவான் வணிக வளாகம் வியட்நாமிய மக்களால் நடத்தப்படுவது. அரிசியையும் ஆசியக் காய்களையும் மொத்தமாக வாங்க ஏற்றது. 1980களில் கிழக்கு பெர்லின் வழியாக மேற்குக்கு வந்து சேர்ந்த ஈழத்தமிழர் இந்நகரில் வேரூன்றியிருப்பதால், கறிவேப்பிலையும் மிளகாய்த்தூளும் விற்கும் தமிழ்க் கடைகளும், பிரிட்ஸ் பகுதியில் மயூரபதி முருகன் கோயிலும் உள்ளன. ஞாயிற்றுக்கிழமைகளில் பேரங்காடிகள் மூடியிருக்கும். பெரிய இரயில் நிலையக் கடைகளையும் தெருமுனைச் சிறுகடைகளையும் நம்பினால் அதே பொருளுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

குடுவை வைப்புத்தொகையைப் பற்றி அறியாதவர் சிறுகச் சிறுக இழப்பது கணிசமானது. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிக் குடுவைக்கும் தகரக் குவளைக்கும் 25 சென்ட், பலமுறை பயன்படும் நெகிழிக் குடுவைக்கு 15 சென்ட், வழக்கமான பீர்க் குடுவைக்கு 8 சென்ட் எனப் பொருளின் விலையுடன் சேர்த்து வாங்கப்படும் தொகை, அங்காடியின் இயந்திரத்தில் குடுவையை இட்டதும் சீட்டாகத் திரும்பும். குடுவையை நசுக்கிவிட்டால் இயந்திரம் அதன் குறியீட்டைப் படிக்க முடியாது. குழாய் நீரே குடிக்கத் தகுந்தது என்பதால் தண்ணீரை விலைக்கு வாங்க வேண்டிய தேவையும் இல்லை.

போக்குவரத்துக்குச் சொந்த வண்டி தேவைப்படுவதில்லை. நாடு முழுவதும் நகர, வட்டாரப் போக்குவரத்தில் செல்லத்தக்க ஜெர்மனிப் பயணச்சீட்டு 2023 மே மாதம் 49 யூரோவுக்கு அறிமுகமாகி, 2025இல் 58 யூரோவாகவும் 2026இல் 63 யூரோவாகவும் உயர்ந்தது. இது மாதந்தோறும் நீளும் சந்தா. ஒரு மாத இறுதியுடன் நிறுத்த வேண்டுமானால் அம்மாதத்தின் 10ஆம் தேதிக்குள் அறிவிக்க வேண்டும். பெர்லின் நிலையங்களில் தடுப்புக் கதவுகள் இல்லை என்றாலும் சீட்டில்லாமல் பிடிபட்டால் 60 யூரோ செலுத்த வேண்டும்.

குழந்தைகளும் மாணவர்களும்

குழந்தைகளுடன் வருவோருக்கு பெர்லின் ஐரோப்பியத் தலைநகரங்களுள் பரிவு மிக்க ஒன்று. 'கீட்டா' எனப்படும் மழலையர் காப்பகங்களுக்கு 2018 ஆகஸ்டு முதல் பெற்றோர் கட்டணம் இல்லை. உணவுக்கு மாதம் 23 யூரோ மட்டும் செலுத்த வேண்டும். அரசுப் பள்ளி இலவசம். முதல் ஆறு வகுப்புகளுக்கு மதிய உணவும், மாணவர்களுக்கு நகரப் பயணச்சீட்டும் 2019 முதல் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. இவற்றுடன் குழந்தையொன்றுக்கு மாதம் 255 யூரோ குழந்தை உதவித்தொகையும் உண்டு. அதற்கு உரிய வதிவிட அனுமதி வேண்டும், ஆறு மாதங்களுக்கு மேல் பின்னோக்கி வழங்கப்படாது என்பதால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடக் கூடாது. பணத்தைவிடக் காப்பக இடம் கிடைப்பதே கடினம். அவ்விடம் பெறத் தேவையான தகுதிச் சீட்டுக்கு ஊர் வந்தவுடன் விண்ணப்பிக்க வேண்டும்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லாமையால் பல மாணவர் இந்நகரைத் தேர்கின்றனர். மாணவர் விசாவுக்கு முடக்கக் கணக்கில் 11,904 யூரோ இட வேண்டும். அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்கலாம். பகிர்வு வீட்டில் ஓர் அறைக்கு 600 முதல் 700 யூரோ, காப்பீட்டுக்கு ஏறத்தாழ 145 யூரோ போனால் உணவுக்கும் கைப்பேசிக்கும் எஞ்சுவது மிகக் குறைவு. விசா கோரும் தொகை வாழ்வதற்குப் போதுமான தொகை என்று நம்பிக் கடன் வாங்கி வருவது மாணவரைப் படிப்பை விட்டு வேலையின் பின்னால் ஓடச் செய்கிறது. மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. முதல் ஆண்டில் அதையும் நம்பாத அளவுக்குக் கூடுதல் பணத்துடன் வருவதும், சேர்க்கை உறுதியானவுடன் மாணவர் விடுதிக்குப் பதிவு செய்வதும் தேவை.

மாதக் கணக்கு

முதலில் கண்ட ஊழியரின் 2,600 யூரோவில் வாடகை 1,020, உணவு 300, பயணம் 58, மின்சாரம் 45, இணையம் 35, ஒலிபரப்புக் கட்டணம் 18, கைப்பேசி 10, பிறர் பொருளுக்குத் தம்மால் நேரும் சேதத்தை ஈடுசெய்யும் பொறுப்புக் காப்பீடு 5 எனக் கழித்தால் சுமார் 1,100 யூரோ மிஞ்சுகிறது. உடை, ஊர்ப் பயணம், குடும்பத்துக்கு அனுப்பும் பணம், சேமிப்பு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அதே ஊழியர் தளவாட வீட்டில் 1,600 யூரோ கொடுத்துத் தங்கினால் இந்த மிச்சம் பாதியாகிவிடும். வேறு எந்தச் சிக்கனமும் அதை ஈடுசெய்யாது.

இதிலிருந்து ஒரு முன்னுரிமை வரிசை கிடைக்கிறது. புறப்படுமுன் மூன்று மாதச் செலவுடன் வைப்புத்தொகையையும் சேர்த்துக் கையிருப்பாக்க வேண்டும். வந்தவுடன் பதிவுக்கு இடம்தரும் முகவரியைப் பெற்று, வரி எண், காப்பீடு, வங்கிக் கணக்கு ஆகியவற்றை முடிக்க வேண்டும். பின்னர் ஓய்வு நேரத்தின் பெரும்பகுதியை நிலையான வாடகை ஒப்பந்தத்தைத் தேடுவதில் செலவிட வேண்டும். ஆண்டு முடிந்ததும் வரி விவரத்தைத் தாக்கல் செய்வதும் பெரும்பாலோருக்குப் பயன் தரும். கட்டாயமில்லாதவர்கள்கூட நான்கு ஆண்டுகள் வரை பின்னோக்கித் தாக்கல் செய்து, வேலைக்காக இடம்பெயர்ந்த செலவு முதலியவற்றைக் கழித்துப் பணத்தைத் திரும்பப் பெறலாம். இவ்வரிசையைப் பின்பற்றியவருக்கு, இரண்டாம் ஆண்டில் பெர்லின் தாங்கத்தக்க நகரமாகவே அமையும்.